காலை வெயில் கடைசியில் வந்தது: கரைப்பறவைப் படம் பிறந்த கதை

இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய கடலோரக் குன்று பொசிலிப்போ. 1882ஆம் ஆண்டு அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் கையில் துப்பாக்கியோடு நடமாடிக்கொண்டிருந்தார். கடற்காகம் பறந்து வந்தால் துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குறிபார்ப்பார். பறவை போகிற போக்கிலேயே குழலைத் திருப்பி விசையை இழுப்பார். வெடிச்சத்தம் கேட்காது; பறவையும் விழாது. ஊர்க்காரர்கள் அவருக்குப் 'பொசிலிப்போப் பைத்தியம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் எத்தியேன்-ஜூல் மாரே, உடலியல் அறிஞர். உயிர்கள் எப்படி நடக்கின்றன, ஓடுகின்றன, பறக்கின்றன என்று அளந்து பார்ப்பதே அவருடைய வாழ்நாள் வேலை. அந்தத் துப்பாக்கியின் குழலுக்குள் இருந்தது லென்ஸ். தோட்டா இருக்கவேண்டிய இடத்தில் சுழலும் கண்ணாடித் தகடு. விசையை இழுத்தால் நொடிக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரம் ஒரு நொடியில் 720இல் ஒரு பங்கு. இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடந்துபோனதைப் பதிவுசெய்ய ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் ஒரு படக் கைத்துப்பாக்கியைச் செய்திருந்தார். வானத்துக்கென்று செய்த யோசனையைப் பறவையின் பக்கம் திருப்பியவர் மாரே.

அந்தப் படங்களில் பறவை வெறும் கருநிழல்தான். கண் தெரியாது, இறகு தெரியாது. அவ்வளவு குறுகிய நேரத்தில் தகட்டில் ஏதாவது பதியவேண்டுமானால் பின்னால் வெளிச்சமான வானம் வேண்டும். அதன்மேல் பறவை கறுப்பாகத்தான் விழும். மாரேவுக்கு அது போதும். சிறகு மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

இன்றைக்குக் கரைப்பறவைப் படம் என்றதும் நம் மனதில் வருவது வேறு. ஈரச் சேற்றில் ஓர் உள்ளான் நிற்கிறது. படம் அதன் கண்மட்டத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது. முன்னும் பின்னும் எல்லாம் கரைந்து மங்கலாகிவிட, பறவை மட்டும் தெளிவாக நிற்கிறது. சாய்ந்த காலை வெயில் நெஞ்சில் பட்டு வெண்மைக்குள் லேசான மஞ்சள் ஏறியிருக்கிறது. கண்ணில் ஒரு ஒளிப்புள்ளி. காலடியில் அசையாத பிம்பம். இயற்கை இதழ்களின் அட்டையிலும் நாட்காட்டிகளிலும் நாம் ஆயிரம் முறை பார்த்துவிட்ட படம். இது ஒரே நாளில் பிறந்ததில்லை. லென்ஸ் ஒரு காலத்தில் வந்தது, மறைப்பு ஒரு காலத்தில் வந்தது, தரையில் படுக்கும் பழக்கம் வேறொரு காலத்தில் வந்தது. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, கடைசியில்தான் அந்தக் காலை வெயில் முழுசாக வந்தது. விடியலில் எழுந்து கேமராவோடு கரைக்குப் போகும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

ஒளிப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் ஒளி வேண்டியிருந்தது. நிமிடக் கணக்கில் அசையாமல் நிற்கும் பறவை செத்த பறவை மட்டுமே. வேல்ஸ் நாட்டுச் செல்வந்தர் ஜான் டில்வின் லெவலின் 1850களில் அதைத்தான் செய்தார். பாடம்செய்த நாரை ஒன்றை நீர்க்கரையில் நிறுத்திப் படமெடுத்தார். நீரோரப் பறவைப் படத்தின் தொடக்கக் காலச் சான்றுகளில் ஒன்று பஞ்சு அடைத்த நாரை! ஆனால் அந்தப் படத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நீரோரத்தில் நிற்கும் பறவையைப் படத்தில் பார்க்கவேண்டும் என்ற ஆசை கருவியை முந்திக்கொண்டு வந்துவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி.

அந்தக் காலத்து ஈரத் தகட்டு முறையில் கண்ணாடியில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் ஆகவேண்டும். இருட்டுக் கூடாரத்தையும் புட்டிகளையும் சுமந்துகொண்டு சேற்றில் யார் இறங்குவார்? 1871இல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகடு பற்றி எழுதினார். 1878இல் சார்ல்ஸ் பென்னட் அந்தத் தகட்டின் ஒளியுணர்வைப் பல மடங்கு கூட்டும் வழியைக் கண்டுபிடித்தார். மாரேவின் துப்பாக்கி வேலை செய்தது அந்தத் தகடு இருந்ததால்தான்.

உயிருள்ள காட்டுப் பறவையின் தெளிவான படத்துக்கு அடுத்த பத்தாண்டில் பலர் முயன்றார்கள். இங்கிலாந்தில் ரெஜினால்ட் பாடம் லாட்ஜ் என்பவர் 1895இல் முட்டைமேல் அமர்ந்திருந்த ஆள்காட்டி இனத்துப் பறவை ஒன்றைப் படமெடுத்தார். ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி இயற்கைப் படத்துக்கென்று முதன்முதலாகக் கொடுத்த பதக்கம் அவருக்குப் போனது. நம் வயல்வெளியில் ஆளைக் கண்டதும் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டும் ஆள்காட்டியின் உறவுக்காரப் பறவை அது. கரைப்பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பதக்கம் வாங்கிக்கொடுத்த பறவை கழுகோ அன்னமோ இல்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஏன் கூட்டில்? அன்றைய லென்ஸுக்கு எட்டும் தூரம் குறைவு. பறவை எங்கே வந்து அமரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரே இடம் கூடுதான். தகட்டுக்கு வெளிச்சம் போதாது என்பதால் வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் போவார்கள். கூட்டை மறைக்கும் செடிகொடிகளை ஒதுக்கிக் கட்டுவார்கள்; சில சமயம் வெட்டியும் விடுவார்கள். நிழல் போன முட்டை வெயிலில் வெந்துபோகும். திறந்து கிடக்கும் கூட்டைக் காக்கை கண்டுகொள்ளும். பறவை ஒளிப்படத்தின் பிள்ளைப் பருவம் பறவைகளுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை. அந்தப் பழக்கம் இன்றும் முழுசாக ஒழிந்தபாடில்லை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

யார்க்ஷயர் அண்ணன் தம்பியரான ரிச்சர்ட் கியர்ட்டனும் செர்ரி கியர்ட்டனும் இந்தக் கதையில் மறக்க முடியாதவர்கள். முழுக்க ஒளிப்படங்களையே கொண்டு வந்த முதல் இயற்கை நூல் என்று சொல்லப்படும் பிரிட்டிஷ் பறவைக் கூடுகள் பற்றிய அவர்களுடைய புத்தகம் 1895இல் வெளியானது. பறவையை நெருங்க அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று பொய் மாடு. மாட்டுத்தோலைச் சட்டத்தின்மேல் போர்த்தி, உள்ளே ஆளும் கேமராவும் நுழையும்படி செய்து, புல்வெளியில் நிறுத்திவிடுவார்கள். மேயும் மாட்டைப் பறவை பொருட்படுத்துவதில்லை. இதுவும் வேட்டைக்காரர்களின் வித்தைதான். குதிரைக்குப் பின்னால் ஒளிந்து வாத்து சுடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். நம் ஏரிக்கரைகளிலும் பழக்கிய மாட்டின் மறைவில் மெல்ல நடந்து பறவை பிடித்தவர்கள் இருந்தார்கள்.

அமெரிக்கக் கரையில் இந்த வேட்டைத் தொடர்பு இன்னும் நேரடியானது. அங்கே உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் கர்லியூ என்னும் கோட்டான்களையும் சந்தைக்காகச் சுட்டார்கள். மரத்தில் செய்து வண்ணம் பூசிய பொய்ப் பறவைகளைச் சேற்றில் நட்டுவைத்து, மறைவில் உட்கார்ந்து, அவற்றின் குரலைச் சீழ்க்கையில் எழுப்புவார்கள். கரைப்பறவைக் கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. சுடப்பட்டுச் சிதறிய பின்னும், விழுந்துகிடக்கும் துணைகளைத் தேடி மறுபடி வட்டமடித்து அதே இடத்துக்கு வரும். இப்படித்தான் வானத்தை நிறைத்துப் பறந்த எஸ்கிமோ கோட்டான் அழிவின் விளிம்புக்குப் போனது. கடைசியாக நிச்சயமான பதிவு கிடைத்து அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1918இல் வலசைப் பறவைச் சட்டம் வந்த பிறகே பெரும் கொலை நின்றது.

அந்தக் கொலையின் நடுவிலேயே சிலர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தார்கள். ஹெர்பர்ட் ஜாப் என்ற பாதிரியார் அவர்களில் முக்கியமானவர். 1905இல் வந்த அவருடைய பறவைப் படப் புத்தகத்தின் முகப்பில் அன்றைய அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் எழுதிய கடிதம் இருந்தது. 'கேமரா வேட்டை' என்ற பேச்சு அந்தக் காலத்தில் எல்லார் வாயிலும் புழங்கியது. மறைவில் காத்திருப்பது, காற்றின் திசை பார்ப்பது, ஓதத்தின் நேரம் கணக்கிடுவது, பறவை எந்த மணல் திட்டில் இறங்கும் என்று முன்கூட்டி அறிவது: இந்த அறிவு முழுவதும் சுட்டவர்களிடமிருந்து படமெடுப்பவர்களுக்கு வந்த சொத்து.

கூட்டை விட்டு விலகி, கூட்டமாக இரைதேடும் கரைப்பறவையை அதன் சேற்றிலேயே படமெடுக்கும் கலைக்குத் தொட்டில் என்று ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால் நான் ஹில்பரே தீவைக் காட்டுவேன். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே டீ ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கிறது இந்தச் சிறு பாறைத் தீவு. வற்றம் என்றால் மணலில் நடந்தே போய்விடலாம். ஓதம் ஏறினால் சில மணி நேரத்துக்குத் தீவு தனித்துவிடும். அங்கே பெரும் ஓத நாட்களில் நீர்மட்டம் எட்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். வற்றத்தின்போது மைல் கணக்கில் விரியும் சேற்றில் பரவலாக மேய்ந்துகொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பறவைகள், நீர் ஏற ஏறப் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் இந்தப் பாறைகளில்தான் நெருக்கியடித்து நிற்கவேண்டும். நாட் என்னும் குண்டு உள்ளான்கள், டன்லின்கள், சிப்பி பிடிப்பான்கள், பட்டைவால் மூக்கன்கள் எல்லாம் தோளோடு தோள் உரசி, அலகை முதுகிறகுக்குள் செருகித் தூங்கும்.

படமெடுப்பவர் பறவையைத் தேடி அலையவேண்டியதில்லை. நீர் ஏறுவதற்கு முன்பே பாறை இடுக்கில் மறைப்புக் கட்டி உட்கார்ந்துவிட்டால், கடலே பறவைகளை அவர் காலடிக்குத் தள்ளிக்கொண்டு வரும். கை ஃபரார் என்பவர் இந்த முகத்துவாரப் பறவைகளைப் பற்றி 1938இல் படங்களோடு புத்தகம் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எரிக் ஹாஸ்கிங் அங்கே வந்தார். இவர் 1937இல் ஆந்தைக் கூட்டருகே தாக்கப்பட்டு இடக்கண்ணை இழந்தும் தொழிலை விடாதவர். இங்கிலாந்தின் பறவைப் படத்தைத் தொழிலாக உயர்த்தியவர். அவரோடு ஹில்பரே மறைப்பில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஃபீல்ட் மார்ஷல் ஆலன்புரூக். போர்க்காலத்தில் சர்ச்சிலுக்குப் பக்கத்தில் இருந்து பிரிட்டிஷ் ராணுவம் முழுவதையும் நடத்தியவர். அவ்வளவு பெரிய போரை நடத்தி முடித்த மனிதர் நனைந்த பாறை இடுக்கில் உள்ளான் வருவதற்காகக் காத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

ஆனால் ஹில்பரே படங்களில் ஒளி இவர்கள் விருப்பப்படி அமையவில்லை. நேரத்தைத் தீர்மானித்தது ஓதம். ஓதம் நண்பகலில் ஏறினால் படமும் நண்பகலில்தான். கறுப்பு-வெள்ளை என்பதால் அந்தக் குறை அவ்வளவாக உறுத்தவும் இல்லை.

நண்பகல் வெயில் கரைப்பறவைக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் 1896இலேயே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர். வெளிச்சம் மேலிருந்து விழும்போது எந்தப் பொருளின் முதுகும் பளிச்சென்றும், அடிப்பகுதி இருண்டும் தெரியும். அதனால்தான் அது திரண்ட உருவமாகக் கண்ணுக்குப் படுகிறது. விலங்குகளின் நிறமோ இதற்கு நேர்மாறு: முதுகு கருமை, வயிறு வெண்மை. மேலிருந்து விழும் ஒளியும் கீழே விழும் நிழலும் இந்த நிறத்தால் சமனாகிவிட, உருவம் தட்டையாகி மண்ணோடு கலந்துவிடுகிறது. உப்புக்கொத்தியை உச்சி வெயிலில் பாருங்கள். பத்தடி தூரத்தில் அது ஓடினால்தான் தெரியும், நின்றால் மறைந்துவிடும். உச்சி வெயிலில் மறைவதற்கென்றே அமைந்த உடலை உச்சி வெயிலில் படமெடுத்தால் என்ன மிஞ்சும்?

சூரியன் கீழ்வானில் இருக்கும்போது அந்த ஏற்பாடு குலைந்துபோகிறது. ஒளி பக்கவாட்டிலிருந்து வந்து வெண்வயிற்றில் நேராகப் படுகிறது. ஈரச் சேற்றில் பட்டுத் திரும்பும் ஒளி அடியிறகுகள் வரை ஏறுகிறது. புருவ நிழல் விழாததால் கண் திறந்து பேசுகிறது. தாழ்ந்த சூரியனின் ஒளி காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன, கடுமையும் தணிந்துவிடுகிறது. வெள்ளை இறகு வெளிறிப் போகாமல், நிழல் கறுத்துப் போகாமல் இரண்டும் ஒரே படத்தில் அடங்குவது இந்த நேரத்தில்தான். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. வெயில் ஏறினால் சேறும் உப்பளமும் சூடாகிக் கானல் எழும்பும். நீண்ட லென்ஸில் பார்த்தால் பறவை தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் கானலைத் துளைக்க முடியாது. காலையில் தரை குளிர்ந்திருக்கும். காற்றும் பெரும்பாலும் எழுந்திருக்காது. அதனால்தான் பிம்பமும் உடையாமல் கிடைக்கிறது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் காலையில் எடுக்கவில்லை? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோடாக்குரோம் வண்ணப் பிலிம் 1936இல் சாதாரணக் கேமராவுக்கு வந்தது. அதன் வேகம் இன்றைய கணக்கில் சுமார் 10 ஐ.எஸ்.ஓ. லென்ஸ் துவாரத்தை 5.6இல் வைத்தால், நல்ல நண்பகல் வெயிலில் ஷட்டர் வேகம் நொடியில் 80இல் ஒரு பங்கு கிடைக்கும். சூரியன் எழுந்த புதிதில் வெளிச்சம் அதில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது பத்தில் ஒரு பங்கு நொடி. அதற்குள் கொத்தும் உள்ளானின் தலை நகர்ந்து படம் கலங்கிவிடும். 1974இல் கோடாக்குரோம் 64 வந்தது. அதே காலை ஒளியில் 60இல் ஒரு பங்கு. தூங்கும் பறவையை எடுக்கலாம். நடக்கும் பறவையை எடுக்க முடியாது. வேகமான பிலிம் கடையில் கிடைக்காமல் இல்லை, ஆனால் அதில் படம் மணல் மணலாகத் தெரியும். நல்ல பத்திரிகைகள் வாங்காது.

இந்த இடைக்காலத்தில்தான், பாதி வெளிச்சத்தோடு, நவீனக் கரைப்பறவைப் படம் உருவம் பெற்றது. நியூயார்க் நகருக்குள்ளேயே, கென்னடி விமான நிலையத்தை ஒட்டி ஜமைக்கா பே என்ற பறவைக் காப்பிடம் இருக்கிறது. அங்கே கிழக்குக் குளத்தின் நீரைக் கோடையில் வடித்துச் சேற்றை வெளிக்கொண்டு வருவார்கள். ஆர்க்டிக்கிலிருந்து தெற்கே போகும் கரைப்பறவைகள் அதில் இறங்கும். ஆர்தர் மாரிஸ் என்ற பள்ளி ஆசிரியர் 1983இல் 400 மில்லிமீட்டர் லென்ஸோடு அந்தச் சேற்றில் இறங்கினார். அவரும் அவரைப் போன்றவர்களும் கற்பித்த பாடங்கள் எளியவை. விடியுமுன் போய்விடு. உன் நிழல் பறவையை நோக்கி விழும்படி நில். அதாவது சூரியன் உன் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். பிறகு முட்டிபோடு, முடிந்தால் சேற்றில் படு. 1998இல் வந்த மாரிஸின் பறவைப் படக் கலை நூல் உலகெங்கும் பரவியது. நம் ஊர்ப் படக்காரர்கள் பலருடைய கைகளிலும் அந்தப் புத்தகம் புரண்டிருக்கிறது.

படுத்துக்கொள்வதன் பயனை இங்கே சொல்லவேண்டும். நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் இரண்டடியில் இருக்கும் சேறும் படத்தில் தெளிவாகத் தெரியும். லென்ஸ் தரையை ஒட்டியிருந்தால் பறவைக்குப் பின்னால் இருப்பது நூறடிக்கு அப்பாலுள்ள கரை. அது தானாகவே கரைந்துவிடும். அதைவிட முக்கியம், நிற்கும் மனிதனைக் கண்டு ஓடும் பறவை கிடக்கும் மனிதனை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. முக்காலியைச் சேற்றில் படுக்கவைக்க முடியாதென்று பழைய வாணலியில் ஓட்டை போட்டு, அதில் கேமராவைத் திருகிச் சேற்றின்மேல் தள்ளிக்கொண்டே போகும் வழியையும் படக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று அதே வடிவத்தில் தயாரித்து விற்கிறார்கள்.

மீதி வெளிச்சத்தைக் கொடுத்தது டிஜிட்டல். 1999இல் நிக்கான் டி1 வந்தது. 2007இல் வந்த டி3 கேமராவில் 6400 ஐ.எஸ்.ஓ. வரை துணிந்து போக முடிந்தது. மேலே போட்ட கணக்கையே மறுபடி போடுங்கள். 1600 ஐ.எஸ்.ஓ.வில், அதே காலை ஒளியில், அதே துவாரத்தில் ஷட்டர் வேகம் 1600இல் ஒரு பங்கு நொடி. நடக்கும் உள்ளான் உறைந்து நிற்கும். அலகு நுனியில் தொங்கும் சொட்டு நீரும் உறையும். மாரேவின் துப்பாக்கிக்குப் பட்டப்பகல் வானம் தேவைப்பட்ட இடத்தில், அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில், சூரியன் எழுந்த புதிதிலேயே படம் கிடைத்துவிட்டது. இடையில் ஓடியது நூற்றிருபத்தைந்து ஆண்டு. 2020க்குப் பிறகு வந்த கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்கின்றன.

நம் கரைக்கு வருவோம். இந்தியாவில் கூட்டுப் படக் காலத்தின் நிறைவான சாட்சி ரயில்வே அதிகாரி லோதர் 1949இல் வெளியிட்ட புத்தகம். சிங்கப்பூர்த் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோ, சாலிம் அலியோடு சேர்ந்து இந்தியப் பறவைகளைப் படமெடுத்தார். சென்னையில் மா. கிருஷ்ணன் இருந்தார், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950 முதல் 1996இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். பல பாகங்களைத் தாமே ஒன்றுசேர்த்து அமைத்த கேமராவில் கறுப்பு-வெள்ளையிலேயே எடுத்தவர். அவர் மனம் யானையிடமும் காட்டிடமும் இருந்தது. கரைப்பறவை நம் படக்காரர்களின் கண்ணில் பெரிதாகப் பட்டது டிஜிட்டலுக்குப் பிறகுதான்.

அதுவரை கோடியக்கரையில் கரைப்பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பல ஆண்டுகள் வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டார்கள். பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பீகாரின் மீர்ஷிகார் குடியினர் அந்த வேலையில் அவர்களுக்குக் கைகொடுத்தார்கள். அங்கேயும் வேட்டை அறிவுதான் முதலில் வந்து நின்றது. 1967இல் கோடியக்கரை சரணாலயமானது. 2002இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

வேதாரண்யம் உப்பளத்தில் மார்கழிக் காலை ஒன்றைச் சொல்கிறேன். ஓரப் பாத்தியில் கணுக்கால் அளவு நீர். கொசு உள்ளான்கள் இருட்டோடு இருட்டாகவே மேயத் தொடங்கிவிடுகின்றன. முதலில் காதுக்குத்தான் தெரியும், சிறு சிறு கிறீச்சொலியாக. வெளிச்சம் வந்ததும் நீர்விளிம்பில் வரிசையாக ஓடும் கரும்புள்ளிகள். இருபத்தைந்து கிராம் அளவே இருக்கும் பறவை, சைபீரிய ஆர்க்டிக்கில் பிறந்தது. சூரியன் வரப்புக்குமேல் ஒரு முழம் ஏறியதும் முதுகிறகு ஒவ்வொன்றின் வெளிறிய ஓரமும் தனித்தனியாக எண்ணும்படி தெரிகிறது. அலகின் நிழல் சேற்றில் அலகைவிட மூன்று மடங்கு நீளமாக விழுகிறது. கொத்தும்போது அலகும் நிழலும் ஒரே புள்ளியில் வந்து தொடுகின்றன. விரல்களுக்கிடையே ஒட்டிய களி காய்ந்து வெளுத்திருக்கிறது. இவை எல்லாம் எட்டரை மணி வெயிலில் காணாமல் போய்விடும். பறவை அங்கேயேதான் இருக்கும், பார்க்கத்தான் முடியாது.

நம் கிழக்குக் கரையில் ஒரு சிக்கல் உண்டு. சூரியன் கடலிலிருந்து எழுகிறது. கடலைப் பார்த்து நின்று எடுத்தால் மாரேவுக்குக் கிடைத்த அதே கருநிழல்தான் கிடைக்கும். அதனால் கடற்கரையைவிடக் கழியே காலைக்கு நல்ல இடம். பழவேற்காடாகட்டும், கோவளம் முகத்துவாரமாகட்டும், முத்துப்பேட்டையாகட்டும், கழியின் கீழ்க்கரையில் சூரியனுக்கு முதுகு காட்டி மேற்கே பார்த்து உட்காரவேண்டும். ஹில்பரேயில்போல ஓதம் வந்து பறவையைத் தள்ளித் தரும் என்று காத்திருக்க முடியாது. நம் கரையில் நீர் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். பெய்த மழையும் வீசும் வாடையும் தென்றலும்தான் கழியில் எங்கே சேறு வெளிப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அதை அன்றாடம் அறிந்தவர்கள் இறால் தடவும் பெண்களும் உப்பளத் தொழிலாளர்களும். அவர்களைக் கேட்டுவிட்டு இடம் பிடிப்பது நல்லது.

டிஜிட்டல் கேமராக்கள் மலிவானதும் கரைக்கு வரும் கூட்டம் பெருகிவிட்டது. அது நல்லதே; பார்த்தவர்கள்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்காகவும் எண்ணூர்க் கழிக்காகவும் குரல் கொடுத்தார்கள். ஆனால் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்தை நோக்கி ஓடிக் கலைப்பவர்களையும் பார்க்கிறேன். மணலில் வண்டி ஓட்டிப்போய் எடுப்பவர்களும், கூட்டத்துக்குமேல் டிரோனை இறக்குபவர்களும் இருக்கிறார்கள். ஒரு கொசு உள்ளான் பங்குனியில் வடக்கே கிளம்புவதற்குமுன் உடம்பில் கொழுப்பேற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை அது காரணமில்லாமல் எழும்பிப் பறக்கும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது. சுட்டவர்களிடமிருந்து வாங்கிய அறிவை, சுடாமலே பறவையை வருத்தப் பயன்படுத்துவது நியாயமாகாது.

புரட்டாசி ஐப்பசியில் கரைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இருட்டிலேயே போய், பறவை வருமுன் உட்கார்ந்துவிடுங்கள். அதனிடம் நீங்கள் போகாமல் அது உங்களிடம் வரட்டும். மேய்ந்துகொண்டிருக்கும் பறவை கொத்துவதை நிறுத்தித் தலைதூக்கினால் நீங்களும் அசைவை நிறுத்துங்கள். மறுபடி மேயவில்லையென்றால் பின்வாங்குங்கள். கூட்டமாகத் தூங்கும் இடத்தில் கிட்டே போகாதீர்கள். கோடையில் கரைமணலிலும் உப்பள வரப்பிலும் உப்புக்கொத்தி வெறும் தரையில் முட்டையிடும். ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் உங்கள் முன்னால் தத்தித் தத்தி ஓடினால், அதைப் படமெடுக்க நிற்காதீர்கள். முட்டை உங்கள் காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்த தடத்திலேயே அடிபார்த்துத் திரும்பிவிடுங்கள்.